ஆஸிக்கு யார் வீட்டில் துக்கம் விசாரிப்பது?

2025 ஜூலை 23, புதன்கிழமை. காலை ஐந்தே முக்கால் இருக்கும். என் பெரியப்பா மகன் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் தன் வீட்டுச் சமையலறையில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். கோப்பி ஆறிப்போய்விட்டது. அண்ணி பார்த்துவிட்டு, "யாரு, ஊர்லேருந்தா?" என்று கேட்டிருக்கிறார். அந்த நேரத்தில் முகம் அப்படி மாறினால் இந்தியாவிலிருந்து சாவுச் செய்தி என்றுதான் எங்கள் குடும்பத்தில் அர்த்தம்.

"ஆஸி செத்துட்டான்" என்றாராம் அண்ணன்.

"எந்த ஆசியா? ஒன்பதாவது மாடி மக்சிக்கா? நேத்துகூட லிஃப்ட்டுல பாத்தேனே!" (மக்சிக் என்றால் மலாயில் அத்தை.)

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் யோசித்தால், ராக் இசைக்கலைஞர் ஒருவர் இறந்தால் சிங்கப்பூர்த் தமிழ் வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்த இரண்டு வரியிலேயே இருக்கிறது. ஒருவருக்கு நெஞ்சு அடைக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு இறந்தது யார் என்றே தெரியவில்லை. அண்ணன் அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஆஸி ஆஸ்பர்ன் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. (ஓஸி என்று எழுதினால் ஓசிச் சாப்பாடு ஞாபகம் வந்துவிடும், ஆஸி என்றே இருக்கட்டும்.) இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர். பிறந்தது 1948 டிசம்பர் 3இல். 15 வயதில் பள்ளியை விட்டார். கார் ஹார்ன் செய்யும் தொழிற்சாலையிலும் மாடு வெட்டும் கூடத்திலும் வேலை பார்த்தார். 1968இல் அதே வட்டாரத்துப் பையன்கள் மூவருடன் சேர்ந்து குழு ஆரம்பித்தார். அதுதான் பிளாக் சபாத். ஹெவி மெட்டல் என்று இன்று உலகம் சொல்லும் இசைக்குத் தொடக்கப்புள்ளி எது என்று கேட்டால், பெரும்பாலோர் 1970 பிப்ரவரி 13ஆம் தேதி வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டைத்தான் கைகாட்டுவார்கள்.

அவர் போன விதமும் ஒரு கதைபோலவே அமைந்தது. பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020இல் வெளியே சொன்னார். 2025 ஜூலை 5இல், வளர்ந்த இடமான ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் கால்பந்து அரங்கில் கடைசிக் கச்சேரி. நிற்க முடியாததால் கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்து பாடினார். பழைய நால்வரும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் ஏறினார்கள். பதினேழாம் நாள், ஜூலை 22இல், ஆள் இல்லை. ஜூலை 30இல் உடல் பர்மிங்ஹாமின் பிராட் ஸ்ட்ரீட் வழியாக வந்தபோது முன்னால் ஒரு பித்தளை வாத்தியக் குழு அவருடைய பாட்டையே வாசித்துக்கொண்டு நடந்தது. பிளாக் சபாத்தின் பெயரிலேயே அங்கே ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கு வண்டி நின்றது, குடும்பத்தார் இறங்கினார்கள், மலை மாதிரிக் குவிந்திருந்த பூக்களைப் பார்த்தார்கள். அதைக் காணொளியில் பார்த்த அண்ணன் சொன்னது: "நம்ம ஆளுங்க மேளம் அடிச்சு அனுப்புற மாதிரிதான் இருந்துச்சு."

சரி, உட்லண்ட்ஸில் இருக்கும் 58 வயது வெல்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும் என்ன சம்பந்தம்?

இதற்குப் பதில் சொல்ல ஆஸியை விட்டுவிட்டு அவருடைய கிட்டார்க்காரரிடம் போக வேண்டும். டோனி அயோமி. 17 வயதில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒரு குழுவோடு வெளியூருக்கு வாசிக்கப் போவதற்காக வேலையை விட்டுவிட முடிவு செய்தார். கடைசி நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போகவில்லை என்றிருக்கிறார். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினாராம். அன்று மதியம், பழக்கமில்லாத இயந்திரத்தில், வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடதுகைக்காரர். அதனால் தந்தியை அழுத்துவது வலது கைதான். கிட்டார் வாசிப்பவனுக்கு இதைவிட மோசமான இடத்தில் அடிபட முடியாது.

பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, அதில் சூட்டுக்கோலால் துளை போட்டு, விரலுக்கு உறை செய்துகொண்டார். வழுக்காமல் இருக்க மேலே பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டு. அப்படியும் தடித்த தந்திகளை அழுத்தினால் வலித்தது. மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971இல் வந்த மூன்றாவது இசைத்தட்டிலிருந்து சுருதியையே இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்குச் சுகம். சத்தமோ கனத்துப் போனது, பாறை உருளுகிற மாதிரி. பிறகு வந்த ஆயிரக்கணக்கான குழுக்கள் விரல் முழுசாக இருந்தும் சுருதியை இறக்கிக்கொண்டதற்கு மூலகாரணம் அந்த ஒரு மதிய நேர விபத்து.

அண்ணனுக்கு இந்தக் கதை மனப்பாடம். அவர் எண்பதுகளில் தொழிற்பயிற்சிப் பள்ளியில் வெல்டிங் படித்தவர். இடது கை ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. 1991இல் ஒரு இரும்புத் தகடு எடுத்துக்கொண்டது. அயோமி கதையைச் சொல்லும்போது தன்னை அறியாமல் அந்த விரலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருப்பார். நான் பல வருடம் கவனிக்கவில்லை, அண்ணிதான் காட்டினார். பர்மிங்ஹாமின் ஆலைகளில் ராத்திரி பகலாக விழும் சம்மட்டிச் சத்தம்தான் அந்த இசைக்குள் போனது என்று சொல்வதுண்டு. கப்பல் பட்டறையில் 12 மணி நேர ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, காதில் அதே மாதிரிச் சத்தத்தை மாட்டிக்கொண்டு படுக்கிற மனிதரிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சின்ன விஷயம். பிளாக் சபாத்தின் முதல் தட்டில் முதல் பாட்டு ஓர் இடைவெளியின் மேல்தான் நிற்கிறது. ஒரு சுரத்திலிருந்து அரை அரையாக ஆறு படி ஏறினால் வரும் சுரம். ஐரோப்பாவில் இதைச் சாத்தானின் சுரம் என்று பெயர் வைத்துப் பயமுறுத்தினார்கள். நமக்கு அது சட்ஜமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலுள்ள தூரம், அவ்வளவுதான். கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களில் 36இல் இருக்கிறது. கல்யாணியில் இருக்கிறது! கல்யாணி கேட்டுப் பயந்தவர் உண்டா?

இந்த இசை சிங்கப்பூருக்கு வந்த வழியும் கொஞ்சம் வேடிக்கையானது. 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு, தெருவுக்குத் தெரு கிட்டார் குழுக்கள் முளைத்தன. பிரிட்டிஷ் ராணுவ முகாம்கள் இருந்தன, அவற்றில் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. 1965 பிப்ரவரி 16ஆம் தேதி கில்மார்ட் சாலைப் பூப்பந்து அரங்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வாசித்தது. அப்போது சிங்கப்பூர் மலேசியாவுக்குள் இருந்தது.

எழுபதுகளில் காற்று திசை மாறியது. 1972 பிப்ரவரியில் லெட் செப்பலின் குழு கச்சேரிக்காக வந்திறங்கியபோது, நீண்ட முடியோடு உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கச்சேரியும் நடக்கவில்லை. அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்தது: நீண்ட முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள். எது நீண்ட முடி என்பதற்குப் படம் வேறு. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம். காதை மூடினால் நீளம். சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம். பதினெட்டு வயதானால் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி, மொட்டைதான். இப்படி முடி வளர்க்கவே வழியில்லாத ஊரில் ராக் ரசிகனாக இருப்பது என்றால் எல்லாமே தலைக்கு உள்ளேதான் நடந்தாக வேண்டும். மலேசியாவிலும் 1992இல் ஸெர்ச் என்ற புகழ்பெற்ற ராக் குழுவினரின் முடியைத் தகவல் அமைச்சரே வெட்டிவிட்டார் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பையன்களுக்கு இது வந்த வழி பெரும்பாலும் மலாய் நண்பர்கள்தான். இதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதக் கூடாது. எங்கள் வீடுகளில் டிஎம்எஸ், எஸ்பிபி, எண்பதுகளில் இளையராஜா. ஆங்கிலப் பாட்டு என்பது பள்ளிக்கூட விவகாரம். ஆனால் கீழே, அடுக்குமாடி புளோக்குக்கு அடியில், படிக்கட்டில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் மலாய்க்காரப் பிள்ளைகள். ஸ்வீட் சேரிட்டி குழுவின் ரம்லி சாரிப் சிங்கப்பூர்க்காரர், அவர்களுக்குத் தெய்வம் மாதிரி. அவர்களிடமிருந்து அண்ணனுக்கு வந்தது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கள்ளக் கேசட். 1987இல் பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை அதெல்லாம் காய்கறி மாதிரி விற்றது. ஆஸியின் குரல் முதன்முதலில் அண்ணன் காதில் விழுந்தது, வெல்டிங் வகுப்பில் பக்கத்து மேசைக்காரர் கொடுத்த, அட்டைப்படம் மங்கிய, பாட்டு வரிசை தப்பாக அச்சடித்த ஒரு கேசட் வழியாக. பிற்காலத்தில் அசல் இசைத்தட்டு வாங்கியபோது பாட்டுகள் "வரிசை மாறி" இருக்கின்றன என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார்.

அந்தத் தலைமுறையிலிருந்து ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. 1992இல் சிங்கப்பூர் இந்திய இளைஞர்கள் சிலர் ருத்ரா என்று ஒரு குழு தொடங்கினார்கள். கதிர் என்பவர் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடுகிறார். டெத் மெட்டல் இசை, அதில் சமஸ்கிருத மந்திரங்கள், வேதாந்தம். வேத மெட்டல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. முதல் இசைத்தட்டு 1998இல். பர்மிங்ஹாமில் சிலுவையும் சாத்தானும் இருந்த இடத்தில் இவர்கள் உபநிடதத்தை வைத்தார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் அந்த உறுமல் குரல் காதுக்கு ஒத்துவரவில்லை. ஆனால் கேட்ட சத்தத்தைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்த துணிச்சல் பெரிது.

இப்போது துக்கத்துக்கு வருவோம்.

2020 செப்டம்பர் 25இல் எஸ்பிபி காலமானபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கோவிட் காலம், ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. ஆனாலும் யாரும் தனியாக இல்லை. வானொலியில் அவர் பாட்டு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடைக்குக் கடை அவர் பாட்டு. என் அம்மாவுக்குத் தொலைபேசி ஓயவில்லை. "போயிட்டாரே" என்று ஆரம்பிப்பார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. நம் சமூகத்துக்குப் பாடகரின் சாவுக்கு எப்படி அழுவது என்று தெரியும், அதற்கு முறை இருக்கிறது.

ஆஸிக்கு அந்த முறை இல்லை. அண்ணன் வேலையிடத்தில் யாரிடம் சொல்வார்? உடன் வேலை செய்யும் பங்களாதேஷ், தமிழ்நாட்டுத் தம்பிகளுக்கு ஆஸியைத் தெரியாது. மேலதிகாரிக்கு 35 வயது. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அங்கீகாரமில்லாத துக்கம் என்று சொல்லலாம். இழப்பு உண்மையாக இருக்கும். ஆனால் "உனக்கு அழ உரிமை உண்டு" என்று சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விடுப்பு கிடைக்காது, யாரும் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர மாட்டார்கள். வளர்த்த நாய் செத்தவர்களுக்கும், பிரிந்துபோன மனைவி இறந்த செய்தி கேட்டவர்களுக்கும் இதே கதிதான்.

ஒருதலை உறவு என்பதையும் அறிஞர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள். 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருபவர்களிடம் மக்கள் நேரில் பழகியவர்போல் நெருக்கம் கொள்வதைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு உன்னைத் தெரியாது, உனக்கு அவரைத் தெரியும். அதோடு பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவில் நிற்கும் என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்த விளக்கங்களைப் படித்தால், ரசிகர் ஏதோ ஏமாந்துபோனவர் மாதிரி ஒரு தொனி வருகிறது. அது எனக்கு உடன்பாடில்லை.

ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும் பெண்களில் பாதிப் பேர் தங்கள் சொந்தச் சாவுகளுக்காக அழுகிறார்கள். இறந்தது பக்கத்து வீட்டுத் தாத்தா, அழுகை பத்து வருடத்துக்கு முன் போன தன் அம்மாவுக்கு. இது அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் போலி அழுகை என்று சொன்னதில்லை. ஒரு சாவு பல துக்கங்களுக்கு வாசல் திறந்துவிடுகிறது, அதற்குத்தான் சாவு வீடு. ராக் ரசிகரிடமும் துக்கத்துக்குக் குறையில்லை. குறைவது வீடு. புளோக் கீழ்த்தளத்தில் கூடாரத் துணி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தண்ணீர் பாட்டிலும் வறுத்த கடலையும் வைத்து, "எப்படி ஆச்சு?" என்று யாராவது கேட்கிற இடம்.

அன்று மதிய இடைவேளையில் அண்ணன் செய்த காரியம் இதுதான்: கேசட் கொடுத்த அந்த மலாய் நண்பருக்கு நாலு வருடம் கழித்துப் போன் போட்டார். எதிர்முனையில் அவர் ஹலோகூடச் சொல்லவில்லை. "தா தாவு" என்றாராம். தெரியும் என்று அர்த்தம். பிறகு இருவரும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அப்புறம் அவருடைய மூட்டு வலி, மகள் கல்யாணம், அண்ணனின் சர்க்கரை அளவு. துக்கம் விசாரிப்பு முடிந்தது. மாலையில் ஒரு குறுஞ்செய்தி: "தக்ஸியா, ப்ரோ." மலாயில் அனுதாபம் என்று அர்த்தம்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. ஆஸி உத்தமர் இல்லை. 1982இல் மேடையில் வௌவாலின் தலையைக் கடித்தது விளம்பரத்துக்கு உதவியது; அதை எல்லோரும் சிரிப்போடு சொல்கிறார்கள். ஆனால் 1989இல், போதையில், மனைவி ஷேரனின் கழுத்தை நெரித்ததற்காகக் கைதானார். அதைச் சிரிப்போடு சொல்ல முடியாது. பிறகு ஷேரன் அவரோடு சேர்ந்து வாழ்ந்தார், கடைசி ஊர்வலத்தில் அழுதார் என்பதெல்லாம் அவர்களுடைய கணக்கு. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஆனால் அதே நம்மவர்களின் ஒப்பாரியில் செத்தவனை ஏசுவதும் உண்டு: குடித்தாயே, அடித்தாயே, இப்படி விட்டுட்டுப் போயிட்டாயே என்று. எனக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது. அண்ணியிடம் இந்த 1989 விவகாரத்தை அண்ணனே சொல்லியிருக்கிறார். "அப்ப என்னத்துக்கு அவனுக்கு இவ்வளவு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று அண்ணி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

இனி இந்தச் சாவுகள் வரிசையாக வரும். கணக்கு எளிது. இந்த இசையை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் 1940களில் பிறந்தவர்கள். டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் 2012இல் 71 வயதில் போனார். கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் 2023இல், 78. கிஸ் குழுவின் ஏஸ் ஃபிரேலி, ஆஸி போன மூன்றாம் மாதம், 74. பூப்பந்து அரங்கில் 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ், 2014 மார்ச்சில் மரினா பே சாண்ட்ஸிலும் அதே குழுவோடு உட்கார்ந்து வாசித்தார். 2021இல் 80 வயதில் இறந்தார். அந்த இரண்டு கச்சேரிக்கும் போன சிங்கப்பூர்க்காரர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கும் இப்போது எழுபதுக்கு மேல்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 6ஆம் தேதி, புதன்கிழமை. தாழ்வாரம் முழுக்கத் தேசிய தினக் கொடிகள். அண்ணன் வேலை முடிந்து வந்து, விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னியோட பதினாறு நாள்" என்றிருக்கிறார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் முழு விளையாட்டு இல்லை. அண்ணிக்கு அது புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் உளுந்தை ஊறப்போட்டார்.

"பாயசமெல்லாம் கிடையாது. வடை மட்டும்தான்."

எட்டு மணிக்கு மலாய் நண்பர் வந்தார், முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு, தொப்பையில் இறுகிய கறுப்பு டி-சட்டையோடு. நானும் போயிருந்தேன். இசைத்தட்டை எடுத்து வைப்பதற்குள் இருவருக்கும் எதை முதலில் போடுவது என்று வாக்குவாதம். அண்ணன் முதல் தட்டுதான் என்றார். நண்பர் மாட்டேன் என்றார். அந்தப் பழைய கேசட்டில் இருந்த வரிசைப்படிதான் கேட்க வேண்டுமாம், அந்தத் தப்பு வரிசை. கடைசியில் கைப்பேசியில் ஒவ்வொரு பாட்டாகத் தேடித் தேடி, நினைவிலிருந்தே அந்த வரிசையை அடுக்கினார்கள். ஆறாவது பாட்டு எது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நண்பர் நாலாவது வடையை எடுத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டச் சொன்னார். பத்தரை மணிக்கு மேல் வேண்டாம், பக்கத்து வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்றார் அண்ணி.